"வலி உண்டா?"

பாறசாலைக்குப் பக்கம் எங்கள் ஊர். பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். என் கணவர் ரப்பர் வெட்டுகிறவர். மேடு ஏறும்போது நெஞ்சு நோவுகிறது என்று அடிக்கடி சொல்வார். குன்னத்துகால் பள்ளிக்கூடத்தில் ஒரு மெடிக்கல் காலேஜ் முகாம் போட்டபோது நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன்.

"நெஞ்சு நோவ மறக்காம சொல்லணும்," என்றேன்.

"அவங்க கேக்கட்டும், சொல்லுதேன்."

பரிசோதித்தது மதுரைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கிற பெண். எங்கள் தமிழைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம். எங்களைப் போலவே, "அண்ணே, வலி உண்டா?" என்றாள்.

இங்கே டாக்டர்கள் அப்படிக் கேட்டால், பீடி வலிப்பீர்களா என்று அர்த்தம்.

"ஒருகாலும் இல்ல மக்கா," என்று சிரித்தார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். நெஞ்சு நோவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த மாதமே அவர் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார்.

பிறகு அந்தப் பெண் முகாமுக்கு வந்தவர்களை விசாரிக்க வீடு வீடாக வந்தாள். நடந்ததைச் சொன்னதும் அதிர்ந்துபோனாள்.

"வலி இல்லைன்னுதானேக்கா சொன்னாரு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொல்லத் தயங்கினேன். ஆனால் இனியும் எல்லாரிடமும் இப்படியே கேட்பாளே!

"வலின்னா இஞ்ச பீடி வலிக்கதாக்கும், மோளே. நாங்க நோவுன்னுதான் சொல்லுவோம்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகும்போது செருப்பைக்கூட மறந்து வெறுங்காலோடு இறங்கிப்போனாள்.

எங்களைப் போலப் பேச ஆசைப்பட்ட பிள்ளை அவள். அவளிடம் எனக்குக் கோபமில்லை. அவர் போன துக்கத்தை நான் எப்படியோ தாங்கிக்கொள்கிறேன். அந்தச் சின்ன வயதில் அவளையும் தாங்க வைத்துவிட்டேனே என்பதுதான் ஆறவில்லை.