லாத்தாவின் ஜீப்

அது ஒரு விரல் அகலமுள்ள துண்டுக் காகிதம். பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்த கருமைக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. முதலில் ஒரு நட்சத்திரம், அடுத்து ஜி.பி.டபிள்யூ. என்று மூன்று ஆங்கில எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் இன்னொரு நட்சத்திரம். வண்டி கைமாறும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுப்பதற்காக அதன் அடிச்சட்டமான சேசிஸின் எண்ணை இப்படித்தான் பிரதி எடுப்பார்கள். எண் குத்தியிருக்கும் இரும்பின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்க வேண்டும். இந்தப் பிரதியில் நான்காவது இலக்கத்தின் மேல் பென்சில் வழுக்கியிருந்தது. ஆபீஸுக்கு வேறொன்று எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். வழுக்கியது பீரோவில் தங்கிவிட்டது.

அதை என்னிடம் கொடுத்தவர் என் வீட்டுக்காரம்மா. தொண்ணூறுகளின் நடுவில் நான் கும்பகோணத்தில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தபோது அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அந்தத் தெருவில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் கணவர் ஜீப் வைத்து வாடகைக்கு ஓட்டியவர். மழைக்காலத்தில் வாய்க்கால் கரைகளில் வேறெந்த வண்டியும் இறங்காது. பம்பு செட் மோட்டாரையும் பிரசவத்துக்குப் போகும் பெண்களையும் அவருடைய ஜீப்தான் ஏற்றிக்கொண்டு போகும். பிறகு கண்ணாடி ஏற்றிவிட்டுக் குளிர்காற்றில் உட்கார்ந்து போகிற புது வண்டிகள் வந்தன. கல்யாண வீட்டார் ஜீப்பைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் ஜீப்பை விற்றுவிட்டு சவூதிக்குப் போனார். மூன்றாம் வருடம் அங்கேயே மாரடைப்பில் இறந்தார். அடக்கமும் அங்கேயே நடந்தது.

கணவரை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவை லாத்தா முடித்த வாரத்தில் என்னைக் கீழே கூப்பிட்டார். கூடத்தில் ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்த அட்டைப்பெட்டி திறந்திருந்தது. அதிலிருந்த சட்டைகள், கைக்கடிகாரம், போர்வை எல்லாமே அங்கே வாங்கியவை. லாத்தா அவற்றில் எதையும் முன்பு பார்த்ததில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த வீடு அவர் கணவர் அனுப்பிய பணத்தில், பழைய ஓட்டுவீட்டை இடித்த இடத்தில் கட்டியது. அவர் இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

"தம்பி, காணாமப் போன ஆளுக்கெல்லாம் பேப்பர்ல போட்டோ போடுறீங்க. வித்த வண்டியக் கண்டுபிடிச்சுத் தர முடியுமா?" என்றார்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "எம் புள்ள பாலைவனத்து மண்ணுல கெடக்கான். இவ இரும்பத் தேடுறா."

"அந்த மண்ணுக்கு விசா கெடைக்காது மாமி. இரும்பாச்சும் இந்த ஜில்லாவுக்குள்ளதான இருக்கும்" என்றார் லாத்தா.

நான் இதை ஒரு செய்தியைத் துரத்துவது போலத்தான் எடுத்துக்கொண்டேன். தஞ்சாவூரில் ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், துண்டுக் காகிதத்தைப் பார்த்ததுமே அந்த வண்டியின் பூர்வீகத்தைச் சொல்லிவிட்டார். யுத்த காலத்தில் அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் ஒரே வரைபடத்தை வைத்து ஜீப் செய்தன. ஒரு கம்பெனி எண்ணைத் தகட்டில் குத்தி ரிவெட் அடித்தது. மற்றது இடப்பக்கச் சட்டத்தின் மேலேயே குத்தி, இரண்டு முனையிலும் நட்சத்திரம் வைத்தது. ஜி.பி.டபிள்யூ. என்பது அந்த இரண்டாவது கம்பெனியின் அடையாளம். யுத்தம் முடிந்து ஏலத்தில் போன வண்டிகளில் ஒன்றாக இருக்கும். முகப்பிலும் வித்தியாசம் உண்டு என்றார். யுத்த ஜீப்புக்குக் காற்று புக ஒன்பது நீளக் கீற்று, பிற்காலத்தில் பம்பாயில் பூட்டிச் செய்தவற்றுக்கு ஏழு. "மத்ததெல்லாம் மாத்திடலாம் சார். சேசிஸ்தான் வண்டி. நம்பரைத் தவிர எதையும் நம்பாதீங்க" என்று முடித்தார். நிருபர் வேலை செய்கிறவனுக்கு அதைவிடப் பிடித்தமான பேச்சு வேறு இருக்க முடியாது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டில் வண்டி இரண்டு கை மாறி, வலங்கைமானில் ஒரு ரைஸ்மில்லுக்குப் போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை லாத்தாவும் மாமியாரும் நானும் வாடகைக் காரில் போனோம். இரும்பைத் தேடுகிறாள் என்று ஏசிய மாமியார்தான் முதலில் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

நெல் காயும் களத்தின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது. நம்பர் பிளேட் அதேதான். மில் முதலாளி நல்ல மனிதர். விஷயம் கேட்டதும், "எடுத்துக்குங்கம்மா, நான் கொடுத்ததைக் கொடுத்தாப் போதும். புது வண்டி புக் பண்ணியிருக்கேன். ஆனா ஒண்ணு, ஜப்பான்காரனையே வெரட்டுன வண்டி, இப்ப எங்க தவிட்டு மூட்டைக்கே மூச்சு வாங்குது" என்றார்.

லாத்தா முன்னால் நின்று சற்று நேரம் பார்த்தார். "மூஞ்சி வேற மாதிரி இருக்கே" என்றார். பிறகு சுற்றி வந்து, புர்காவை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். அப்புறம் அவர் அசையவில்லை. மாமியார் கதவில்லாத அந்தத் திறப்பைப் பிடித்தபடி மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் தம்பி" என்றார் லாத்தா.

"எப்படித் தெரியுது லாத்தா?"

"ஒக்காந்தா தெரியுது."

அது எனக்கு ஆதாரமாகப் படவில்லை. முகப்புக் கீற்றுகளை எண்ணினேன், ஏழு. பானெட்டைத் திறந்து, இடப்பக்கச் சட்டத்தில் கிரீஸைத் துடைத்தேன். நட்சத்திரமும் இல்லை, அந்த மூன்று எழுத்தும் இல்லை. வேறொரு எண் இருந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து, பென்சில் தேய்த்துப் பிரதி எடுத்து, லாத்தாவின் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து முதலாளியிடம் காட்டினேன். அவர் உண்மையிலேயே திகைத்தார், ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவர ஓடினார். ஆபீஸில் எண்ணைச் சரிபார்க்காததால், பழைய புத்தகத்தோடு வேறொரு வண்டியைத் தரகர் யாரோ தள்ளிவிட்டிருக்கிறார் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வந்ததில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

"லாத்தா, எறங்குங்க. இது உங்க வண்டி இல்ல" என்றேன்.

அவர் என் கையிலிருந்த இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். இலக்கம் இலக்கமாகப் பார்த்தார். பிறகு இறங்கினார். திரும்பும் வழியில் மாமியார் மட்டும் ஒருமுறை, "நம்பர் இல்லேன்னா இல்லதான்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அடுத்த போகம் அறுப்பான பிறகு வேறு வேலையாகத் திருப்பனந்தாள் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஒரு பட்டறை வாசலில் நின்றேன். உள்ளே ஜீப் ஒன்றின் உடல் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டம் தனியாகக் கிடந்தது. பேச்சு கொடுத்தேன். கும்பகோணத்து பாய் வண்டி என்றதும் பட்டறைக்காரர் ஞாபகம் வைத்திருந்தார்.

"அந்த வண்டிக்கு சேசிஸ் மொத்தமும் பொத்துப்போச்சு சார். சேத்துலயே ஓடுன வண்டி. பம்பாய் வண்டி ஒண்ணு முட்டிக்கிட்டு வந்து கெடந்துச்சு. அது சேசிஸு, இஞ்சினு, மூஞ்சி. இது பாடி, சீட்டு, ஸ்டீயரிங்கு. ரெண்டையும் ஒண்ணாக்கி பழைய புக்குலயே ஓட்டிக்கன்னு குடுத்தேன்."

"பழைய சேசிஸ்?"

"அறுத்துக் காயலான் கடைக்குப் போட்டாச்சு."

சக்கரங்களைத் தாங்கிய இரும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஸ்டீயரிங் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். நட்சத்திரம் குத்திய சட்டத்தை அவர் கணவர் தொட்டது பிரதி எடுத்த அன்று ஒருமுறையாக இருக்கலாம். ஸ்டீயரிங்கைப் பதினாறு வருடம் பிடித்திருந்தார்.

அங்கிருந்தே வலங்கைமானுக்கு பஸ் ஏறினேன். வேப்பமரத்தடியில் புது வண்டி நின்றது. ஜீப்பை யாரோ கேரளத்து மலைத் தோட்டத்துக்கு வாங்கிப் போய்விட்டார்கள் என்றார் முதலாளி. விற்றுக்கொடுத்த தரகரிடம் விசாரித்தேன். அவர் கொடுத்த எண்ணுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து நாலைந்து முறை பேசினேன். அந்தத் தோட்டத்திலிருந்தும் வண்டி போய்விட்டிருந்தது. எங்கே என்று சொல்ல ஆளில்லை. என் தொழிலில் தவறான செய்திக்கு மறுநாள் திருத்தம் போடலாம். நான் சொன்னதில் தவறான எண் ஒன்றுகூட இல்லை.

லாத்தாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது; சொல்லாமல் வீட்டைக் காலி செய்ய மனமில்லை. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன். வண்டி இனிக் கிடைக்காது என்பதையும் சொன்னேன். முறம் நின்றது.

"அப்ப அந்த சீட்டு?"

"அவர் சீட்டுதான் லாத்தா."

"ஸ்டீயரிங்கு?"

"அதுவும்."

அவர் எழுந்து உள்ளே போவார், அல்லது என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "மாமி, கேட்டீங்களா? நான் சொன்னேன்ல" என்று உரக்கச் சொன்னார். அந்தக் குரலில் அவர் கணவர் இறந்த பிறகு நான் கேட்காத ஏதோ ஒன்று இருந்தது. பிறகு என்னைப் பார்த்துத் தணிந்து பேசினார்.

"போனாப் போவுது தம்பி. அன்னைக்கு அரை மணி நேரம் ஒக்காந்திருந்தேன்ல."

ஊரும் வேலையும் மாறி, நான் எழுதிய செய்திகளில் பெரும்பாலானவை எனக்கே மறந்துவிட்டன. அந்த மாலை மறக்கவில்லை. அவர் ஏறி உட்கார்ந்ததற்கும் நான் இறங்கச் சொன்னதற்கும் இடையே கீற்றுகளை எண்ணி, கிரீஸைத் துடைத்து, பென்சில் தேய்த்த நேரம்தான் இருந்தது. பத்து நிமிடம்கூட இருக்காது.

"ஆமாம் லாத்தா, அரை மணி நேரம் இருக்கும்" என்றேன்.