தட்டிப் பார்க்கும் கை

பெல்ஜியத்தில் பன்றிப் பண்ணை வைத்திருந்த ஒடீல், இனவிருத்திக்கு ஆண்பன்றியைத் தேர்ந்தெடுக்கும்போது பின்தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவாள். கல் போல இருந்தால் பண்ணையில் இடம்; தொளதொளத்தால் கசாப்புக்கடை. அவள் தீர்ப்புக்கு மறுபேச்சே கிடையாது.

பன்றிகளின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்துப்போயிருந்த ஆய்வகத்துப் பெண் நதீன், ஒருநாள் மூச்சிரைக்க வந்தாள்.

"மேடம், காது கிழிஞ்ச அந்த ஒல்லிப் பன்றி எங்கே? சதையை வளர்க்கிற மரபணு அதுகிட்ட இருக்கு!"

"அந்த நோஞ்சான்கிட்டயா? அதோட பின்பக்கத்தை நீ பாத்தியா?"

"அப்பா வழியா வந்தாத்தான் அந்த மரபணு வேலை செய்யும். இதுக்கு அம்மா வழியா வந்திருக்கு, அதான் சும்மா தூங்குது. இது அப்பா ஆனா, குட்டிங்கள்ல பாதி மலை மாதிரி வளரும்."

ஒடீல் அடுப்பைப் பார்த்தாள். வாணலியில் அந்தப் பன்றியின் கறியில் செய்த சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது.

ஒட்டடைக் குச்சி போலிருந்த அவள் கணவன் ஃபிர்மேன் சிரித்தான். "நல்லவேளை, உங்கப்பா என் தொடையைத் தட்டிப் பாக்கல!"

ஒடீலுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமாகக் கசாப்புக்கு அனுப்பிய ஒல்லிகளெல்லாம் கண்முன் வந்து நின்றன.

மறுநாள் இன்னொரு ஒல்லிப் பன்றியைத் தட்ட ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

"உங்கம்மா யாருடா?" என்று கேட்டாள்.