ஐந்தாவது நாய்

போன ஆனி மாதம் பக்கத்து வளவுக்காரி வந்து படலைக் கதவடியில் நின்றாள். "ரீச்சர், ஞாயிற்றுக்கிழமை பாலைப்பழத்துக்குப் போறம். நீங்களும் வாங்கோவன்" என்றாள். நான் பதில் சொல்லும் முன்பே, "நாயையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கரடிக்கு நல்ல நாய்" என்று சேர்த்தாள். அழைப்பு யாருக்கு என்று எனக்கு விளங்கிவிட்டது. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடியும் அதே மரத்தைத் தேடி வரும். நாய் இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் அந்த நேரம் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. கோபம் வந்தது. ஆனாலும் "ஓம், வாறன்" என்றேன். இன்னொரு ஞாயிறையும் சுவரைப் பார்த்துக் கழிப்பதைவிட நாய்க்குத் துணையாகப் போவது மேல்.

நாய் மகனுடையது. குட்டியாகக் கொண்டுவந்து, ஏதோ ஒரு வெளிநாட்டுப் பந்தாட்டக்காரனின் பெயரை வைத்தான். என் வாயில் நுழையாத பெயர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியவள், வீட்டில் உரத்துக் கூப்பிட்டது மகனை மட்டும்தான். பொழுதுபடும் நேரம் அவன் விளையாட்டு மைதானத்தில் நிற்பான். நான் படலையில் நின்று அவன் பெயரைச் சொல்லி, சாப்பிட வாடா என்று கத்துவேன். முதலில் நாய்தான் ஓடி வரும். வந்த கையோடு திரும்பி நின்று, தான் வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் கழித்து அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவான்.

அவன் பிரான்சுக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவனுடைய அப்பா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். இப்போது ஒரு சுண்டு அரிசி போட்டு, எனக்குப் போக மிச்சத்தை நாயின் தட்டில் வைக்கிறேன். அது காலடியிலேயே படுத்திருக்கும். கூப்பிட வேண்டிய தேவையே இல்லை.

எங்கள் ஊர் தர்மபுரத்திலிருந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி, வாய்க்கால் முடியும் இடம்வரை போனோம். அதற்கு அப்பால் நடை. ஏழு பேர், ஐந்து நாய்கள். பக்கத்து வளவுக்காரியின் புருஷனும் இன்னொருவரும் கத்தியோடு முன்னால் போனார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகக் கதைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தியின் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்களாம், இன்னொருத்தியின் கிணறு வற்றிவிட்டதாம். நான் ஏழாவது ஆள், சோடி சேராதவள். இடைக்கிடை யாராவது திரும்பி, "ரீச்சர், களைக்குதோ?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். மரியாதை கொடுத்தே ஒரு ஆளைத் தள்ளி வைக்கலாம். நான் தலைமை ஆசிரியர்களுக்குச் செய்ததுதான் அது.

குளம் நடுக்காட்டில் இருந்தது. கட்டு உடைந்தபின் யாரும் திருத்தாமல் விட்ட பழைய குளம். நடுவில் மட்டும் தண்ணீர், சுற்றிவரச் சேறு, சேற்றில் யானைக் காலடிகள். கரையில் நின்ற பாலை மரங்களில் ஆண்கள் ஏறிக் கிளைகளை உலுப்ப, கீழே விரித்த பழைய சேலைகளில் மஞ்சள் பழம் கொட்டியது. தின்னத் தின்ன அதன் பால் ஒட்டி, உதடுகளைப் பிரிக்க முடியாமல் போயிற்று. ஒருத்தியின் வாயைப் பார்த்து மற்றவள் சிரித்தாள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அரை மணித்தியாலம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அப்போதுதான் ஐந்து நாய்களும் ஒன்றாகக் குரைத்துக்கொண்டு பற்றைக்குள் பாய்ந்தன. கொப்புகள் முறிபடும் சத்தம் கேட்டது. பிறகு குரைப்பு தூரப் போய், நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் நாலு நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தன. என்னுடையது வரவில்லை.

எல்லோரும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். விசில் அடித்தார்கள். நானும் அந்த வாயில் நுழையாத பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். காடு அசையவில்லை.

"மூண்டு மணியாச்சு ரீச்சர். யானை தண்ணிக்கு வாற நேரம். வெளிக்கிடுவம்" என்றார் பக்கத்து வளவுக்காரர். "நாய் வழி பிடிச்சு வந்திடும்."

வராமலும் விடலாம். கதவைத் திறக்கும்போது எழும்பி வர ஒரு உயிர்கூட இல்லாத வீட்டை நினைத்தேன். கரடிக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்த வீட்டுக்குப் பயந்தேன்.

குளக்கட்டில் ஏறி நின்றேன். என்ன கத்துவது என்று யோசிக்கவில்லை. வாயைத் திறந்ததும் மகனின் பெயர் வந்தது. சாப்பிட வாடா என்று கத்தினேன். மூன்று வருடமாகக் கத்தாத தொண்டை, முதல் தரம் பிசிறியது. இரண்டாம் தரம் காடு முழுக்கக் கேட்டது.

பழம் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பக்கத்து வளவுக்காரி கட்டேறி வந்து என் கையைப் பிடித்தாள். "ரீச்சர், ஆரைக் கூப்பிடுறியள்? தம்பி பிரான்சிலயெல்லே" என்றாள் மெதுவாக.

நான் மூன்றாம் தரமும் கூப்பிட்டேன்.

எதிர்க்கரைப் பற்றை அசைந்தது. சேற்றை மிதித்துக்கொண்டு, ஒரு காதில் இரத்தம் வழிய, நாய் ஓடி வந்தது. கட்டேறி என் காலடிக்கு வந்தது. நான் குனிந்து அதைப் பிடிக்கப் போனேன். அது என் கைக்குள் நிற்கவில்லை. திரும்பி நின்று, தான் வந்த வழியைப் பார்த்தது.

"வாங்கோ ரீச்சர், நேரம் போகுது" என்றார்கள் கீழேயிருந்து. நானும் அந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.