எனக்கு மருந்து வைத்தது யார்?

போன ஆவணியில் எனக்கு மலத்தோடு இரத்தம் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டு முறை. வெங்காயக் காட்டில் வேலை பாதியில் நிற்கும். நான் ஐந்தாவதுவரை படித்தவன், கூச்ச சுபாவம். மனைவியிடம்கூட ஒரு மாதம் மறைத்தேன்.

அதற்குச் சில நாள் முன்புதான் தம்பி வீட்டுக் காதுகுத்தில் சாப்பிட்டிருந்தேன். எங்களுக்குள் கிணற்றுப் பங்கில் மனத்தாங்கல். அவன் மனைவிதான் சோற்றில் எதையோ கலந்து மருந்து வைத்துவிட்டாள், அது குடலில் ஒட்டிக்கொண்டது என்று முடிவு செய்தேன். மருந்து எடுக்கிறவரிடம் போனேன். அவர் வயிற்றில் ஊதி, ஒரு முடி உருண்டையைக் காட்டினார். இரத்தம் நிற்கவில்லை. மறுபடியும் வைத்திருக்கிறாள் என்று எண்ணினேன். அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தினமும் மாரியம்மனிடம் ஒன்றே கேட்டேன்: "வைத்த கையைக் காட்டு தாயே."

ஐப்பசியில் காட்டிலேயே மயங்கி விழுந்தேன். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது தம்பிதான். இவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை? ஸ்கேன் அறைக்குள் அவனை நான் வரவிடவில்லை. டாக்டரம்மா வயிற்றில் பசை தடவிக் கருவியை நகர்த்தினார். மெல்லக் கேட்டேன்.

"ஒட்டிக்கிட்டு இருக்கறது தெரியுதுங்களா?"

"என்னதுங்க?"

"எனக்கு வச்ச மருந்துங்க."

அவர் சிரிக்கவில்லை. திரையைத் திருப்பினார். "இதான் குடலோட சுவரு. மெல்லிசா இருக்கணும், புண்ணாகித் தடிச்சுக் கெடக்கு. கலரா தெரியறது அங்க பாயற ரத்தம். இத வச்சுத்தான் நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னு சொல்றோம். யாரும் எதையும் வைக்கலீங்க."

நம்பவில்லை. தம்பி சொல்லிக்கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். அவனுக்குத் தெரியாமல் அரியலூர் போய் வேறு டாக்டரிடம் ஸ்கேன் எடுத்தேன். அவரும் அதே இடத்தைக் காட்டி, அதையே சொன்னார். படுத்தபடியே அழுதுவிட்டேன். நான் கையைக் காட்டச் சொன்னேன். அப்படி ஒரு கையே இல்லை என்று தாய் இரண்டு ஊரில் காட்டிவிட்டாள்.

அதன் பிறகுதான், வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கும் சம்மதித்தேன். தினமும் மாத்திரை சாப்பிட்டேன். மாசியில் எடுத்த ஸ்கேனில் குடல் சுவர் மெலிந்திருந்தது. இரத்தமும் நின்றிருந்தது.

அன்றே தம்பி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இம்புட்டு நாளும் என்னைய இப்படியா நெனச்சீங்க மாமா?" என்று அவன் மனைவி அழுதாள். அழுதுகொண்டே சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

அன்பர்களே, மனதில் சந்தேகம் வைத்திருப்பவர்களும் தாயிடம் கேளுங்கள். நீங்கள் நினைத்த பதிலை அவள் தராமல் போகலாம். ஆனால் உண்மையைக் காட்டுவாள். டாக்டர் தந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.