இரண்டு கிலோ யூரியா

1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நான்காம் திகதி, திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்கு நான் இரசாயன உரத்தின் பரம விரோதியானேன். அப்போது எனக்குப் பத்து வயது. கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு பாடசாலை இருந்தது. விடுமுறைக்காலச் சுற்றாடல் பாசறை அங்கே அன்றுதான் தொடங்கிற்று.

பாசறையை நடத்திய முஸ்லிம் ஆசிரியை அலவத்துகொடவிலிருந்து பஸ்ஸில் வருபவர். வகுப்பறைக்குள் நுழையாமலே எங்களை விளையாட்டுத் திடலின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். அதற்குள் ஒரு மண்புழு நெளிந்தது.

“பயப்படாதீங்க புள்ள. மண்ணுக்கும் உசிர் ஈக்குது. உரப் பையக் கொட்டினா மொதல்ல மௌத்தாகிறது இவர்தான்” என்றார்.

மண்புழுவை ‘இவர்’ என்று குறிப்பிட்ட ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்தக் கணத்திலேயே அவருடைய கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி, ஒரு பொட்டலம் முளைக்கீரை விதை. சேதனப் பசளை மட்டுமே போடலாம். சாணம், சருகு, கூட்டெரு, வீட்டுச் சமையலறைக் கழிவு. “என் மண்ணில் இரசாயனம் படவிடேன்” என்று வலது கையை நீட்டி எல்லோரும் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். வெளியில் மெதுவாகப் பேச வேண்டும், பஸ்ஸில் தமிழில் வாயே திறக்கக் கூடாது என்ற விதிகளுக்குள் வளர்ந்திருந்த எனக்கோ, உரத்துச் சொல்லும்படி பெரியவர் ஒருவர் கேட்டதே புதுமையாக இருந்தது. ஆகவே அதை ஒரு சத்தியமாகவே ஏற்றுக்கொண்டேன்.

அந்த வாரமே வீட்டைத் திருத்தத் தொடங்கினேன். தேயிலைச் சக்கையை யாரும் வெளியே கொட்டக் கூடாது என்றேன். முட்டைக்கோதுகளைக் கழுவி வெயிலில் காய வைத்தேன். அம்மா கடையிலிருந்து கொண்டுவரும் ஷொப்பிங் பைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, இவை மண்ணில் உக்காதவை என்று விளக்கினேன். அரசாங்கக் கந்தோரொன்றில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, பத்திரிகையின் மேலாக என்னைப் பார்த்து, “மேலதிகாரி இனி வீட்டிலையும்” என்றார்.

இந்த நிலையில்தான் மாமா வந்து சேர்ந்தார். அவர் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் பயிரிடுபவர். கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்புக்குப் போவதற்காக, போரினால் தரைவழி மூடியிருந்தபடியால் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கண்டிக்கு வந்திருந்தார். வந்த அன்றே அப்பா அவரைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, எங்கள் வீட்டில் தங்குபவர் எனப் பதிந்தார். வடக்கிலிருந்து வரும் எவருக்கும் அது கட்டாயம்.

சாணம், சருகு, சாம்பல் என்று நான் அடுக்கிய பாடத்தை மாமா பொறுமையாகக் கேட்டார்.

“உதைத்தானே பிள்ளை நாங்கள் இவ்வளவு வருசமாச் செய்யிறம். உரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. எங்கடை பக்கம் உதுக்குப் பேர் பொருளாதாரத் தடை. இஞ்சை உதுக்குப் பேர் பாசறையே?”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. யாழ்ப்பாணத்தார் முழுப்பேரும் சத்தியத்தைக் காப்பவர்கள் என்று மட்டும் விளங்கிக்கொண்டு பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமை அதிக நாள் நீடிக்கவில்லை. என் கீரை முளைத்தது. ஆனால் மஞ்சளாக முளைத்தது. பக்கத்துப் பாத்திகள் பச்சை பிடித்து நிமிர்ந்து நிற்க, என்னுடையது மட்டும் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையைப் போல வெளிறி நின்றது. உக்காத தேயிலைச் சக்கையை அளவுக்கு மீறிப் போட்டுவிட்டேன் என்று ஆசிரியை சொன்னார். “கொஞ்சம் பொறுங்க புள்ள, மண் அத மெல்ல மெல்லத் தின்னும்” என்றார். பொறுப்பதென்று முடிவு செய்தேன்.

மாமாவால் பொறுக்க முடியவில்லை. என்னைக் கூட்டிச் செல்ல வந்தவர் பாத்தியருகே குந்தியிருந்து, ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தார். வெளிறிய பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவருடைய சுபாவத்தில் இல்லை.

“கீரைக்கு இரத்தம் காணாது. ஒரு சிட்டிகை யூரியா போட்டால் மூண்டு நாளிலை கருகருவெண்டு வரும்” என்றார்.

“போடக் கூடாது மாமா.”

“ஒரு சிட்டிகைதானே.”

“ஒரு சிட்டிகையும் கூடாது.”

மறுநாள் அவர் யாரோ ஊர்க்காரரைப் பார்க்கப் பிலிமத்தலாவைக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. என்னைச் சமையலறைக்கு அழைத்து, “மருமகள், கையை நீட்டு” என்றார். உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று எதையோ கொட்டினார். சவ்வரிசியைப் போலச் சிறு மணிகள். வியர்த்திருந்த கையில் பட்டதும் ஐஸ் வைத்தாற்போலக் குளிர்ந்தன.

“என்ன மாமா இது?”

“யூரியா! கடை வாசலிலை சாக்கு சாக்காத் திறந்து வைச்சிருக்கிறாங்கள் பிள்ளை. ஆரும் போகலாம், ஆரும் வாங்கலாம். கேள்வியில்லை, அனுமதித் துண்டில்லை. நான் கனநேரம் அதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

ஷொப்பிங் பையில் இரண்டு கிலோ இருந்தது. என் சிறு பாத்திக்கு அது ஆயுட்காலத்துக்கும் போதும். அதை அவர் அரிசி வாளியின் பின்னால் வைத்தார். நான் உறங்கும்போது என் பாத்திக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதிலும் இல்லை.

மாலைத் தேநீருக்கு எல்லோரும் கூடியதும் எழுந்து நின்றேன். “இந்த வீட்டிலை யூரியா இருக்கு” என்று அறிவித்தேன். மண்புழுக்களின் அழிவு, நிலத்தடி நீர், எதிர்காலச் சந்ததி என ஆசிரியையிடம் கேட்ட அனைத்தையும் வரிசையாகச் சொன்னேன்.

என் பேச்சு ஏற்படுத்திய விளைவு நான் எதிர்பார்த்ததை விஞ்சியது. அம்மாவின் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. அப்பா எழுந்து போய் யன்னல்களைச் சாத்தினார். இரசாயன உரத்தின் தீமை ஒரு குடும்பத்தை இவ்வளவு விரைவில் உலுக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

“தம்பி, உனக்கென்ன விசரே?” என்றார் அம்மா.

“கடையிலை ஆரும் கண்டவையே? என்ன பாசையிலை கேட்டனீ?” என்றார் அப்பா.

“பாசை எங்கை தெரியும் அத்தான்? விரலாலை காட்டினன். இஞ்சை எல்லாரும்தானே வாங்குகினம்.”

“எல்லாரும் வாங்கலாம். எல்லாரும் நீயில்லை.”

கண்டியில் யூரியா வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் போடுகிற உரம். வடக்கிலோ அது குண்டு செய்ய உதவும் பொருளென்று தடுக்கப்பட்ட சரக்கு. சிங்களம் தெரியாத யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன், பெரஹரா என்னும் பௌத்த ஊர்வலத் திருவிழா நடக்கும் நாள்களில், கண்டியில் ஒரு வாடகை வீட்டின் அரிசி வாளிக்குப் பின்னால் அதை வைத்திருந்தால், அதற்குப் பெயர் உரமல்ல. உரம் கண்டு மகிழ்ந்துபோன மாமாவுக்கு அது உறைக்கவில்லை. எனக்கோ தெரியவே தெரியாது.

அம்மா பையை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் விரைந்தார். கழிவறைக் குழிக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்றப் போகிறார் என்று விளங்கியதும் நான் குறுக்கே பாய்ந்தேன். அது மகாவலி ஆற்றுக்குப் போகும், மீனெல்லாம் செத்துவிடும் என்றேன். அப்படியானால் பின்வளவில் புதைக்கலாம் என்றார் அப்பா. புழுக்கள் சாகும் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்த அந்த நொடியில் பையைப் பறித்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

“திற பிள்ளை.”

“மாட்டன். கடைக்குத்தான் திருப்பிக் குடுக்கவேணும். சத்தியம் பண்ணுங்கோ.”

“முதல்லை திற.”

“யூரியா மண்ணுக்கு நஞ்சு! யூரியா தண்ணிக்கு நஞ்சு!”

“மெல்லமாக் கதை, அம்மாவாணை மெல்லமாக் கதை!” அப்பாவின் குரல் கெஞ்சியது. வீட்டுக்காரச் சிங்களக் குடும்பம் மேல்மாடியில் இருந்தது. யூரியா என்ற சொல் எந்த மொழியிலும் யூரியாதான். அப்பா கெஞ்சக் கெஞ்ச என் உறுதி இறுகியது. பையை மடியில் வைத்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். விடியும்வரை இருக்கவும் தயாராக இருந்தேன்.

அப்போது முன்கதவு தட்டப்பட்டது.

பொலிஸாரின் சப்பாத்துச் சத்தங்கள் உள்ளே வந்தன. பெரஹரா முடியும்வரை, வடக்கிலிருந்து ஆள்கள் வந்து தங்கும் வீடுகளைப் பார்த்துவருகிறோம் என்று ஒரு கனத்த குரல் சிங்களத்தில் சொன்னது. தெருவில் விளையாடிப் பழகிய சிங்களம் எனக்கு அவ்வளவுக்குப் போதியதாக இருந்தது. மாமா தமக்குத் தெரிந்த ஒரேயொரு சிங்களச் சொல்லை, ‘ஐயா’ என்று பொருள்படும் “மாத்தயா”வைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய பயணப் பையைத் தரையில் கொட்டினார்கள். கட்டில் இழுபட்டது. சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன; அரிசி வாளி தரையில் தேய்ந்து நகரும் ஓசையைத் தெளிவாகக் கேட்டேன்.

பிறகு குளியலறைக் கதவின் முன்னால் சப்பாத்துகள் நின்றன. உள்ளே யார் என்று அந்தக் குரல் கேட்டது.

“மகள். வயிற்றோட்டம்” என்றார் அப்பா சிங்களத்தில்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதேயில்லை. எனக்கு வயிற்றோட்டம் இல்லை, கொள்கை இருந்தது. உண்மையைச் சொல்லி மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் அப்பா தமிழில், நான் அதுவரை கேட்டிராத மென்மையோடு சொன்னார்:

“நீ திறவாதை பிள்ளை. உள்ளுக்கையே இரு.”

சற்று முன்வரை திற, திற என்று மன்றாடியவர் இப்போது திறவாதே என்கிறார். கடைசியில் அவர் என் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று வெற்றிக் களிப்புக் கொண்டேன். பையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

கோப்பித் தூளில் தேசிக்காய் பிழிந்து கொடுத்தால் நின்றுவிடும் என்றது அந்தக் குரல், அப்பாவிடம். என் மகளுக்கும் அதைத்தான் கொடுப்போம் என்றது. மாமாவின் அடையாள அட்டையை வாங்கி ஏதோ எழுதிக்கொண்டு, பெரஹரா முடியும்வரை இவர் கண்டியில் இல்லாதிருப்பது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதவுக்கு வெளியே யாரோ தரையில் சரிந்து உட்காரும் ஓசை கேட்டது.

“சத்தியம்” என்றார் அம்மா. “ஒரு மணி யூரியாவும் இனி இந்த வீட்டிலை இராது. சத்தியம் பிள்ளை.”

தாழ்ப்பாளைத் திறந்தேன். அம்மா என்னை அணைத்த அணைப்பில் விலா எலும்பு நொந்தது. மாமா கூடத்துத் தரையில், கொட்டிக் கிடந்த தம் உடுப்புகளின் நடுவே, துவாயால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. செய்த பிழைக்கு இவ்வளவு தூரம் வருந்துபவரை மேலும் தண்டிப்பது நியாயமாகாது என்று எனக்குத் தோன்றியது. அருகில் போய் அவர் தோளைத் தொட்டேன்.

“பரவாயில்லை மாமா. இனிமேல் செய்யாதையுங்கோ.”

“செய்யமாட்டன் பிள்ளை” என்றார் துவாய்க்குள்ளிருந்து.

நான் உறங்கப் போகும்வரை குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அம்மா கழுவுகிறார் என்று எண்ணினேன். எதைக் கழுவினார் என்று கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் மறைக்கவில்லை. மகாவலி மீன்களிடம் தாம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டதாக மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை கண் விழித்தபோது மாமாவின் பாய் சுருட்டியிருந்தது. அப்பா அவரைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டு வந்திருந்தார். பையை மாமாவே பிலிமத்தலாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. எனக்கு நிறைவாக இருந்தது. வழமையைவிட முன்னதாகவே பாசறைக்குப் போனேன்.

வீட்டில் யாராவது ஒருவரையேனும் மாற்ற முடிந்ததா என்று ஆசிரியை எல்லோரையும் கேட்டார். அதுவரை அங்கே நானாக வாய் திறந்ததில்லை. எழுந்து நின்று, கையை நீட்டி, சத்தியம் சொன்ன அதே குரலில் உரத்துச் சொன்னேன்:

“எங்கட மாமா திருந்திட்டார் ரீச்சர். யாழ்ப்பாணத்திலையிருந்து வந்தவர். ரெண்டு கிலோ யூரியா ஒளிச்சு வைச்சிருந்தவர்!”

பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டத் தொடங்கிய ஆசிரியையின் உள்ளங்கைகள் பாதியில் நின்றன. அவர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு என்னருகே வந்து, குனிந்து, என் காதோடு சொன்னார்:

“நல்ல வேலதான் செஞ்சீக்கிறீங்க. ஆனா இத இனி ஒருத்தருக்கிட்டயும் சொல்லப்படாது. வெளங்கினா, புள்ள?”

“விளங்கினது ரீச்சர்” என்றேன்.

செய்த நன்மையை வெளியில் சொல்லிப் பெருமையடிக்கக் கூடாதென்று அவர் எனக்குக் கற்பிக்கிறார் என்றே விளங்கிக்கொண்டேன். அது மிகவும் சரியாகப்பட்டது. வாளியை எடுத்துக்கொண்டு என் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். கீரை இன்னும் மஞ்சளாகவே இருந்தது.