கூடு கட்டாத புழுக்கள்

கவிப்பிரியாவை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு அறவே பிடிக்கவில்லை. எங்கள் ஊர் கொமரலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் செக்கிங் மேசையில் நின்றவள். அதற்கும் முன்னால் மாவு வண்டை வைத்து ஆராய்ச்சி செய்தாளாம். மாவில் வண்டு வந்தால் நாங்கள் சலித்துக் கொட்டுவோம், இவள் பட்டம் வாங்கியிருக்கிறாளே என்று சிரித்தோம்.

தை மாதம் தென்னைகளில் காண்டாமிருக வண்டு ஏறியது. அதன் புழுக்கள் எருக்குழியில் வளர்பவை. அவள் ஒரு மருந்து சொல்ல, கணவன் கதிர்வேல் வாங்கிவந்து குழியில் அடித்தான். புழுவின் உடம்பில் ஓர் இளமைச் சுரப்பு உண்டாம். அது இருக்கும்வரை ஒரு மரபணு புழுவைப் புழுவாகவே பிடித்து வைத்திருக்கும். சுரப்பு வற்றினால்தான் ‘பிராட்’ என்கிற மரபணு விழித்துக்கொண்டு கூட்டுப்புழுவாக்கும். மருந்து அந்தச் சுரப்பைப் போல நடிக்குமாம். ஒரு மாதம் கழித்துக் குழியைக் கிளறினார்கள். கட்டைவிரல் பருமனில் புழுக்கள் நெளிந்தன. கூட்டுப்புழு ஒன்றுகூட இல்லை, இனி அவை வண்டாகிப் பறக்க வழியில்லை. கதிர்வேலுக்கு ஒரே பெருமை, மறுபடியும் அடித்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மாமியார் பெரியாத்தாள் பட்டுப்புழுக் கொட்டகையை அவளிடம் விட்டார். “இந்த ஒரு பேட்ச் ஒழுங்கா கூடு கட்டீருச்சுன்னா கொட்டகை உன்றது கண்ணு. இல்லீன்னா பழையபடி பனியன் கம்பெனிதான்.”

கடைசித் தோலுரிப்பு முடிந்து எட்டாம் நாள் பட்டுப்புழு மல்பெரித் தழையை வெறுத்து, உடம்பு பழுத்து, தலையைத் தூக்கிக் கூடு கட்ட இடம் தேடும். அவள் புழுக்கள் எட்டாம் நாளும் தின்றன. பத்தாம் நாளும் தின்றன. அவை தழை மெல்லுவது கொட்டகைக்குள் மழை பெய்கிற சத்தமாய்க் கேட்டது.

“பாருங்க அம்மிணி, என்ன கொழுப்பு!” என்று பெரியாத்தாள், நானும் புழு வளர்ப்பவள் என்பதால், என்னிடம் பூரித்தார். கவிப்பிரியா ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதிர்வேலிடம் திரும்பினாள்.

“ஏனுங்க, மல்பெரிக்குச் சத்து மருந்து எந்த ஸ்ப்ரே டேங்க்ல அடிச்சீங்க?”

“எருக்குழிக்கு அடிச்சதுலதான். ரெண்டு தடவ அலசீட்டுத்தான ஊத்துனேன்!” என்றான் கதிர்வேல்.

பன்னிரண்டாம் நாள் பெரியாத்தாளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இளம்புழு விற்ற பொங்கியண்ணனை நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினார். கவிப்பிரியா வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பொங்கியண்ணன் தலையில் போயிருக்கும், கொட்டகையும் கைவிட்டுப் போயிருக்காது. நானாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

“அத்தை, பொங்கியண்ணன் மேல தப்பில்லீங்க. நான் சொன்ன மருந்துதானுங்க. வண்டுக்கும் பட்டுக்கும் அந்த மரபணு ஒண்ணுதானுங்க. டேங்க்ல ஒட்டியிருந்த துளியே போதும். இதுக இனிமே கூடு கட்டாதுங்க. தின்னுட்டே இருந்து செத்துப்போயிரும்.”

பெரியாத்தாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொட்டகையை விட்டுவிட்டு டேங்கைத்தான் கேட்டார்.

“அந்த டேங்க் இப்ப யாரூட்டுல இருக்குது?”

என் வீட்டில்தான் இருந்தது. நான்கு நாட்களுக்கு முன் அதை இரவல் வாங்கி என் மல்பெரிக்கு அடித்திருந்தேன். அன்று காலைதான் அந்தத் தழையை அறுத்து என் புழுக்களுக்குப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.