பதினேழாம் நம்பர் கிடாவின் மிச்சம்

என் அக்கா ஆட்டுப் பண்ணையில் மிச்சம் நிறுப்பவள். ஆடுகள் தின்றது போக மீந்த தீவனத்தைத் தினமும் காலையில் தொட்டி தொட்டியாக வழித்து, நிறுத்து, எழுதிவைப்பாள். "மிச்சக்காரி" என்று பண்ணையே கூப்பிடும். அங்கே வண்டி ஓட்டும் நானும்தான்.

இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் கிடாவை மேனேஜர் உடம்பைப் பார்த்தே பொறுக்குவார். அவர் கண்ணுக்கு நிறையாதவை என் வண்டியில் ஏறிக் கசாப்புக்குப் போகும். அன்று பதினேழாம் நம்பரை ஏற்றப் போனேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"இதை ஏத்தாதடா. மத்ததுங்க அளவுக்கே எடை போடுது, தீனி மட்டும் கால்வாசி கம்மி. இதோட குட்டிங்களும் அப்படியே இருந்துட்டா?"

மேனேஜர் அதன் தொட்டியில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். சொட்டியது.

"தண்ணியச் சிந்தி வச்சிருக்கு. ஈர மிச்சத்தை நிறுத்துட்டு, கம்மியா தின்னுதாம்! உன்னை யாரு இந்த வேலைக்கு வச்சது?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. ஆறு வருஷமாக நிறுக்கிறவள், ஈரத்தை யோசிக்கவே இல்லை. எனக்கே மானம் போனது. அவளோ, "நாப்பது நாள் குடுங்க சார். தப்பா இருந்தா நானே புழுக்கை அள்ளப் போறேன்" என்றாள்.

நாற்பது நாளும் எல்லாக் கிடாக்களின் மிச்சத்தையும் வெயிலில் காயவைத்தே நிறுத்தாள். மேகம் மூடினால் வீட்டுச் சட்டியில் வறுத்தாள். குழம்பிலெல்லாம் தீவன வாசனை. மச்சான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் குழம்பும் கிடைக்காது.

கடைசியில் கால்வாசி இல்லை, ஐந்தில் ஒரு பங்குதான் கம்மி. அதையும் அவளே போய்ச் சொன்னாள்: "என் கணக்குல தப்பு இருந்துச்சு சார். கிடா மேல தப்பில்ல."

மேனேஜர் முனகிக்கொண்டே இருபது பெட்டை ஆடுகளை அதனோடு விட்டார். தன் செல்லமான மலை போன்ற கிடாவோடு இன்னொரு இருபது. குட்டிகள் பால் மறந்ததும் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு தீவனம் வைத்தோம்.

மூன்று மாதம் கழித்து எடை போட்டால் இரண்டும் சமம். ஆனால் பதினேழின் குட்டிகளுடைய தொட்டிகளை வழிக்க வழிக்க மிச்சம் வந்துகொண்டே இருந்தது. மேனேஜர் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். ஒரு சொட்டும் வரவில்லை. அக்காவின் பக்கெட் நிரம்பி வழிந்தது. அவரே ஓடிப்போய் இன்னொரு பக்கெட் எடுத்துவந்தார். அக்கா சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டு ஒதுங்கின. நான் அழுதேன், சொல்ல எனக்கென்ன வெட்கம்?

இப்போதெல்லாம் கிடா ஏற்றும் நாளில் மேனேஜரும் நானும் கொட்டகை வாசலில் கைகட்டி நிற்கிறோம்.

"ஏம்மா, இதை ஏத்தலாமா?" என்று அவர்தான் கேட்பார்.

"இருங்க சார், மிச்சம் காயட்டும்."